கடலுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் பிள்ளையளுக்கு

இந்தப் பருவத்தில் உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர்ப் பக்கமிருந்து திமிங்கிலம் காட்டும் வேலைக்கு வரும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். இளவயதில் நான் கப்பலில் வேலை செய்தவன். ஆர்ஜென்ரீனாவின் தென்கோடியில் உஷுவாயா என்றொரு துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து அந்தாட்டிக்காவுக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் கப்பலிலும் சில காலம் இருந்தேன். பென்குவினையும் திமிங்கிலத்தையும் பார்க்க ஒரு கார் வாங்கும் காசைக் கொடுத்துச் சனம் வரும். அறை சிறியது, கடல் மோசம், சாப்பாடு சுமார். அதைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்கள். ஆனால் கூட்டிப்போகிறவன் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னால் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பிறகு அவன் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. திருகோணமலைக்கு வந்து போட் ஓட்டத் தொடங்கியபோதும் அதே சங்கதியைத்தான் கண்டேன். கீழே உள்ளவை எல்லாம் அதிலிருந்து வந்தவை.

1. நிச்சயம் காட்டுவோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடற்கரையில் பலகை வைத்து, நூறு வீதம் திமிங்கிலம் என்று எழுதுகிறார்கள் சிலர். கடலில் நூறு வீதம் என்று ஒன்று கிடையாது. எங்கள் பக்கத்தில் பங்குனி, சித்திரையில் நீலத்திமிங்கிலத்துக்கு நல்ல வாய்ப்பு. ஓகஸ்ற் வரையும் காணலாம். டொல்பின் கூட்டம் அதைவிட அடிக்கடி கிடைக்கும். இவ்வளவும் சொல்லலாம். அதற்கு மேல், நேற்றுப் போன போட் என்ன கண்டது, முந்தாநாள் போனது என்ன கண்டது என்று உள்ளபடி சொல்லுங்கள். காணவில்லை என்றால் காணவில்லை என்றே சொல்லுங்கள். அதைக் கேட்டு எழும்பிப் போகிறவர் போகட்டும். அவர் கடலுக்கு வந்திருந்தாலும் முழு நேரமும் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மிரிஸ்ஸவோடு போட்டிபோட்டுக் கதைக்கவும் தேவையில்லை. தெற்கே அவர்களுக்கு மார்கழியிலிருந்து சித்திரை வரை பருவம். அவர்களுக்குச் சோழகம் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும்போது எங்கள் கடல் படுத்துக்கிடக்கும். இரண்டும் ஒரே தீவின் கடல், இரண்டிலும் போவது ஒரே இனத் திமிங்கிலம்.

2. விடியப் புறப்படுங்கள்.

கச்சான் காற்று மத்தியானத்தோடு எழும்பும். ஐந்தரை, ஆறு மணிக்குக் கரையை விட்டால் பத்து மணிக்குள் வேலை முடியும். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் போட்டைக் கரையில் ஏற்றிவிட்டு வேறு வேலை பாருங்கள். காசு கூடத் தருகிறேன் என்று யாராவது நின்றாலும் போகாதீர்கள்.

லைஃப் ஜாக்கெற் பற்றிச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு கப்பலின் கதை சொல்லலாம். எக்ஸ்புளோரர் என்று ஒரு கப்பல், துருவப் பயணத்துக்கென்றே 1969இல் கட்டியது. லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்ற சுவீடன்காரர் 1966இல் காசு கட்டும் பயணிகளை அந்தாட்டிக்காவுக்குக் கூட்டிப்போய் இந்தத் தொழிலையே தொடக்கிவைத்தார். இந்தக் கப்பலும் அவருக்காகக் கட்டியதுதான். 2007 நவம்பரில் அது பனிக்கட்டியில் அடிபட்டு மூழ்கியது. கப்பலில் இருந்த 154 பேரும் உயிரோடு மீண்டார்கள். அவர்கள் மணிக்கணக்காக உயிர்காப்புப் படகுகளில் இருந்தார்கள். கடல் அன்று அமைதியாக இருந்ததும், உதவிக்கு வரக்கூடிய தூரத்தில் வேறு கப்பல்கள் இருந்ததும் பெரிய அதிர்ஷ்டம். எங்கள் பைபர் போட்டுக்குப் பக்கத்தில் அப்படிக் கப்பல் எதுவும் நிற்காது. ஜாக்கெற்றைக் கையில் கொடுத்துவிட்டு விடாமல், ஒவ்வொருவருக்கும் நீங்களே வாரைப் பூட்டிவிடுங்கள். உங்கள் கழுத்திலும் ஒன்று இருக்க வேண்டும். போட்காரன் போடாத ஜாக்கெற்றைப் பயணி போடமாட்டார்.

3. மலைக்கு முதலில் கூட்டிப்போங்கள்.

நேரமிருந்தால் முதல்நாள் பின்னேரம் பயணிகளைக் கோணேசர் கோயிலடிக்கு வரச்சொல்லுங்கள். சுவாமி மலையின் கிழக்கு விளிம்பிலிருந்து பார்த்தால் கடல் ஏன் இப்படி இருக்கிறது என்று காட்டலாம். கரையிலிருந்தே நீலத்திமிங்கிலம் பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் மிகக் குறைவு. அதில் இதுவும் ஒன்று. காலம் சரியாக அமைந்தால் நல்ல தொலைநோக்கி ஒன்றோடு அங்கேயே மூச்சு எழும்புவதைக் காணலாம்.

காரணம் கீழே இருக்கிறது. கொட்டியாரக் குடாவுக்குள்ளிருந்தே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு தொடங்கி வெளியே ஆழ்கடலுக்குப் போகிறது. கரையை விட்டுக் கொஞ்சத்தூரம் போவதற்குள் தண்ணீர் மிக ஆழமாகிவிடும். பல இடங்களில் இப்படி ஆழத்துக்குப் போகக் கரையை விட்டு வெகுதூரம் போகவேண்டும். இங்கே ஒரு சின்ன அவுட்போட் என்ஜினோடு காலைச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். எங்களுக்குக் கிடைத்த வரம் அந்தப் பள்ளம்தான். துறைமுகத்தின் புகழுக்கும் அதுதான் ஒரு காரணம்.

மலையில் நிற்கும்போது கோயில் இடிந்த கதையும் சொல்லத்தான் வேண்டும். 1620களில் போர்த்துக்கீசர் இடித்தார்கள். அந்தக் கல்லைக் கொண்டே கீழே கோட்டையைக் கட்டினார்கள். இப்போது பிரட்றிக் கோட்டை என்கிறோம். 1956இல் மைக் வில்சன் என்பவர் மலையடிக் கடலில் சுழியோடி, விழுந்து கிடந்த தூண்களையும் இலிங்கத்தையும் கண்டார். அவரும் அவருடைய நண்பரான எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அதைப்பற்றி உலகத்துக்குச் சொன்னார்கள். இலிங்கம் இன்று கோயிலில் இருக்கிறது.

4. நூறு மீற்றர்.

இதுதான் உங்களுக்குள் சண்டை வரும் இடம். ஆகவே நீட்டிச் சொல்கிறேன்.

இலங்கையில் கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கு 2012இல் ஒழுங்குவிதிகள் வந்தன. திமிங்கிலத்துக்கு நூறு மீற்றருக்குள் போகக்கூடாது. அது எவ்வளவு தூரம் என்று கடலில் கண்ணளவில் கணிக்க முடியாதவர்கள் கரையில் ஒரு கயிறு அளந்து பழகுங்கள். ஒரு கிரிக்கெற் மைதானத்தின் ஒரு கோடியில் நின்று பாருங்கள். பெரும்பாலான போட்கள் எவ்வளவு கிட்டப் போய்விடுகின்றன என்று விளங்கும்.

அந்தாட்டிக்காவில் நான் கண்டதைச் சொல்கிறேன். அங்கே காவல்துறை கிடையாது. எந்த நாட்டுச் சட்டமும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் பயணக் கொம்பனிகள் 1991இல் தாங்களே ஒரு சங்கம் கூட்டி, தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டன. ஒரு நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையிறங்கக்கூடாது. ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே கூடாது. பென்குவினுக்கு ஐந்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அது தானாக நடந்து உங்கள் காலடிக்கு வந்தால் நீங்கள் அசையக்கூடாது. கரையேறுமுன் சப்பாத்தைக் கழுவ வேண்டும், ஒரு புல்விதைகூட ஒட்டிப்போகக்கூடாது. தொழில் செய்கிறவர்களே இப்படி விதி போட்டதற்குக் காரணம் அவர்கள் எல்லாரும் புண்ணியவான்கள் என்பதில்லை. ஒருவன் கெடுத்தால் எல்லாருடைய பிழைப்பும் போகும் என்று விளங்கிய வியாபாரிகள் அவர்கள்.

எங்கள் கடற்கரையில் இன்னும் அது விளங்கவில்லை. ஒரு திமிங்கிலத்தைச் சுற்றி ஆறு ஏழு போட் நிற்பதைக் கண்டிருக்கிறேன். முன்னால் போய் வழியை மறிப்பது, இரண்டு பக்கமும் நெருக்குவது, தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போவது: இவை மூன்றும் எக்காரணத்துக்கும் வேண்டாம். அது போகும் திசைக்குச் சமாந்தரமாக, பக்கவாட்டில், மெதுவாகப் போங்கள். ஏற்கெனவே இரண்டு போட் நின்றால் நீங்கள் வெளியே காத்திருங்கள். கரையில் உள்ள போட்காரர் எல்லாரும் ஒரு மரத்தடியில் கூடி, எத்தனை போட் எவ்வளவு நேரம் என்று பேசி முடிவெடுக்க ஒரு மணித்தியாலம் போதும். எந்த அதிகாரியும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

பயணி ஒருவர், கிட்டப் போ, இன்னும் ஐயாயிரம் தருகிறேன் என்பார். நெருக்கினால் அது ஆழத்துக்குப் போய்விடும், மிச்ச ஆட்களும் காணமாட்டார்கள் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். தண்ணீருக்குள் குதித்து அதோடு நீந்த வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஒரே பதில்: இல்லை.

5. மூச்சைப் பார்த்து ஆளைச் சொல்லப் பழகுங்கள்.

எல்லாவற்றையும் நீலத்திமிங்கிலம் என்று சொல்லிவிடுகிற பழக்கம் கரையெல்லாம் இருக்கிறது. வந்திருப்பவர்களில் ஒருவருக்காவது வித்தியாசம் தெரியும்.

நேராக, உயரமாக, ஒன்பது மீற்றர் வரைக்கும் ஒரு தூண்போல மூச்சு எழும்பினால் நீலத்திமிங்கிலமாக இருக்கலாம். முதுகு சாம்பல் கலந்த நீலத்தில் புள்ளிபுள்ளியாக இருக்கும். முதுகுச்செட்டை மிகச் சிறியது, வாலுக்குக் கிட்ட இருக்கும். முதுகு நீண்டு நீண்டு உருண்டபிறகுதான் அது கண்ணில் படும். எங்கள் பக்கத்து நீலத்திமிங்கிலங்கள் அமிழும்போது வாலைத் தூக்கிக் காட்டுவது அதிகம். கீழே ஆழத்தில் இருக்கும் இரைக்கு நேர்செங்குத்தாகப் போவதால் அப்படி என்று ஆராய்ச்சிக்காரர் நினைக்கிறார்கள். துருவக் கடலில் அதன் இனத்தார் தின்பது கிரில் என்ற, இறால் போன்ற சின்ன உயிர். இலங்கைக் கடலில் பெரும்பாலும் வேறொரு வகைக் கூனியைத் தின்கிறது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. எச்சம் செங்கல் நிறத்தில் மிதக்கும். அதைக் கண்டால் கடலில் எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொல்லி வையாதீர்கள்.

மூச்சு முன்னுக்குச் சரிந்து, இடப்பக்கமாகக் குட்டையாகப் புதர்போல எழும்பினால் அது ஸ்பேர்ம் திமிங்கிலம். மூக்குத்துவாரம் தலையின் முன்கோடியில் இடப்பக்கம் இருப்பதால் அப்படி. தலை மரக்கட்டைபோல, தோல் சுருங்கியிருக்கும். பத்து நிமிடம் மேலே கிடந்து மூச்செடுத்துவிட்டு வால் தூக்கிப் போனால் முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் திரும்பி வராது. அந்த நேரத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு இருங்கள். எங்கள் கடலில் கூட்டமாகக் காண்பவை பெரும்பாலும் பெண்களும் குட்டிகளும். வளர்ந்த ஆண்கள் இவர்களை விட்டுப் பிரிந்து தனியாகத் தெற்கே, பனிக்கட்டி விளிம்பு வரைக்கும் போய் இரைதேடும். இனம்பெருக்க வெப்பக் கடலுக்குத் திரும்பும். அந்தாட்டிக்காவில் நான் கண்ட கிழட்டு ஆண் ஒன்றின் பிள்ளைகள் எந்தக் கடலில் நிற்கிறார்களோ என்று இங்கே பெண்கூட்டத்தைக் காணும்போதெல்லாம் யோசிப்பேன். அது என் சொந்த யோசனை, பயணிக்குச் சொல்லத் தேவையில்லை.

தலையில் நீளவாட்டில் மூன்று வரம்பு இருந்தால் பிரைட் திமிங்கிலம். அது வாலைத் தூக்காது. சந்தேகமாக இருந்தால், ஒரு பெரிய திமிங்கிலம், எது என்று சரியாகத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். ஒருவரும் காசைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

6. இவை எவ்வளவு குறைந்துபோயின என்பதையும் சொல்லுங்கள்.

திமிங்கிலம் என்றால் சனத்துக்கு வியப்பு மட்டும்தான் நினைவுக்கு வரும். கணக்கையும் கொடுங்கள். இருபதாம் நூற்றாண்டில் தென்பாதிக் கடல்களில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேல் நீலத்திமிங்கிலங்களைக் கொன்றார்கள். அந்தாட்டிக் நீலத்திமிங்கிலம் 1970களில் சில நூறாகச் சுருங்கியது.

எங்கள் நீலத்திமிங்கிலங்கள் அந்தாட்டிக்காவுக்குப் போவதில்லை. வட இந்துசமுத்திரத்திலேயே, அராபியக் கடலுக்கும் இலங்கைக்கும் இந்தப் பக்கத்துக்குமாகச் சுற்றும் தனிக்கூட்டம் அவை; உடம்பும் கொஞ்சம் சிறியது. துருவத்துக்குப் போகாவிட்டாலும் துருவத்துக்குப் போன வேட்டைக்காரனிடமிருந்து அவை தப்பவில்லை. 1963க்கும் 1966க்கும் இடையில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அந்தாட்டிக்காவுக்குப் போகும் வழியில் இந்தக் கடலில் நின்று 1,294 நீலத்திமிங்கிலங்களைக் கொன்றன. உலகத்துக்குப் பொய்க் கணக்குக் கொடுத்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்தபிறகுதான், அந்தக் கப்பல்களில் வேலைசெய்த விஞ்ஞானிகளே ஒளித்துவைத்த உண்மைக் கணக்கை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு கணக்கை ஒளிக்காமல் எழுதி வைத்த மனிதர்கள் அந்தக் கப்பலிலும் இருந்தார்கள் என்பது எனக்கு ஆறுதல்.

1979இல் இந்துசமுத்திரத்தைத் திமிங்கில வேட்டை இல்லாத இடமாகச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் அறிவித்தது. அடுத்து என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு பயணம் வந்தது. அதுதான் ரியூலிப்.

7. ரியூலிப் பாய்க்கப்பலின் கதையை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருங்கள்.

பத்து மீற்றர் நீளமான ஒரு சின்னப் பாய்க்கப்பல். ஹால் வைட்ஹெட் தலைமையில் சில இளம் விஞ்ஞானிகள். உலக வனவிலங்கு நிதியம் காசு கொடுத்தது. 1982 முதல் 1984 வரை இந்துசமுத்திரத்தில் சுற்றி, தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் தட்டல் ஓசையைப் பின்தொடர்ந்து இரவும் பகலும் போனார்கள். துப்பாக்கி இல்லாமல், ஒன்றையும் கொல்லாமல், உயிரோடு இருக்கும் திமிங்கிலத்தைப் படிக்கலாம் என்று காட்டியவர்களில் இவர்கள் முன்னோடிகள். திருகோணமலைக்கு வெளியே நீலத்திமிங்கிலங்கள் இவ்வளவு கிட்ட நிற்பதையும் அவற்றின் பாட்டையும் பதிந்தவர்கள் அவர்களே.

துருவத்தைத் தேடிப்போன ஸ்கொட், ஷக்கிள்டன் கதைகளைக் கப்பலில் இரவில் விரிவுரையாகச் சொல்வார்கள். பனியில் இறந்த வீரர்கள், பனியில் பிழைத்த வீரர்கள். எனக்கு அவற்றைவிட ரியூலிப்பின் கதைதான் கூடப் பிடிக்கும். அதில் யாரும் இறக்கவில்லை, கொடியும் நாட்டவில்லை.

அந்தப் பயணம் முடிவதற்குள் இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1983 இனக்கலவரம், பிறகு போர். அதன்பிறகு இந்தக் கடல் எங்களுக்கே மூடிப்போனது. பாஸ் இல்லாமல் போகமுடியாது, இரவில் தொழிலில்லை, குறித்த தூரத்துக்கு அப்பால் போனால் திரும்பி வருவாயோ என்று வீட்டில் விளக்கேற்றி வைத்திருப்பார்கள். 2004 மார்கழியில் சுனாமி. 2009இல் போர் முடிந்தபிறகுதான் திமிங்கிலம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். இடையில் போன இருபத்தைந்து வருடத்தைப் பற்றிப் பயணி கேட்டால் என்ன சொல்வது என்று தங்கச்சி ஒருத்தி என்னிடம் கேட்டாள். உன் வீட்டில் நடந்ததை, சொல்ல விரும்பினால் சொல். விரும்பாவிட்டால், அதைக் கதைக்க எனக்கு விருப்பமில்லை என்று சொல். சிரித்து மழுப்பாதே. இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே.

8. நெல்சனின் பெயரைச் சொல்லும்போது நிதானம்.

உலகத்திலேயே நல்ல துறைமுகம் இதுதான் என்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்னதாக எங்கள் ஆட்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். சொன்னதாகச் சொல்வார்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள், அது போதும். எனக்குச் சுவையாகப் படுவது அதற்கு முந்திய சங்கதி. 1773இல், பதினான்கு வயதில், நெல்சன் வடதுருவம் தேடிப்போன பிப்ஸ் என்பவரின் பயணத்தில் கார்க்கஸ் என்ற கப்பலில் போனார். ஸ்பிட்ஸ்பேர்கனுக்கு வடக்கே பனியில் இரண்டு கப்பலும் மாட்டிக்கொண்டன. அங்கே பையன் ஒரு பனிக்கரடியைத் துரத்திப் போனான், துவக்கு வெடிக்கவில்லை, கப்பலிலிருந்து பீரங்கி சுட்டுக் கரடியை விரட்டினார்கள் என்று அந்தக் கப்பலின் தலைவர் பின்னாளில் சொன்னார். கதையில் எவ்வளவு உப்புப் போட்டாரோ. ஆனால் பயணம் உண்மை. அந்த வருடமே அவர் சீஹோர்ஸ் என்ற கப்பலில் ஏறி இந்தியக் கடலுக்கு வந்தார். மலேரியா பிடித்து, 1776இல் ஊருக்கு அனுப்பப்பட்டார். வடதுருவப் பனியிலிருந்து நேரே கீழைக்கடல் வெயிலுக்கு வந்த பையன் என்று சொல்லிப் பாருங்கள், பயணிகள் காது கொடுப்பார்கள்.

திருகோணமலை என்று பெயர் வைத்த போர்க்கப்பல் ஒன்றும் இருக்கிறது. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் தண்ணீரில் இறக்கியது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. எங்கள் ஊரின் பெயரை இருநூறு வருடமாகத் தண்ணீரில் வைத்திருப்பது பம்பாய்த் தச்சர்களின் வேலை.

9. மூதூர்க் கதையைத் திரும்பி வரும்போது சொல்லுங்கள்.

வெயில் ஏறி, ஆட்கள் களைத்துப்போய் இருக்கும் நேரத்துக்கு ஏற்ற கதை ரொபேர்ட் நொக்ஸ். 1659இல் ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் இழந்து, புது மரம் வெட்ட என்று கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தலைவனையும் அவன் மகனையும் மற்றவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் செத்தான். மகன் நொக்ஸ் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி நாட்டில் இருந்து, நெல் கடன் கொடுத்து, தொப்பி பின்னி விற்று, கடைசியில் 1679இல் ஒரு தோழனோடு காட்டுவழியே நடந்து மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். 1681இல் இலங்கையைப் பற்றி அவன் எழுதிய புத்தகம் இலண்டனில் வெளிவந்தது. இப்போதும் வரலாறு படிக்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மூதூரில் அவர்கள் பிடிபட்ட இடத்து மரத்தை வெள்ளைக்காரன் மரம் என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: ஆராயப் புறப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆராய்ந்ததில்லை. பிடிபட்டுக் கிடந்தவன்தான் நாட்டைக் கண்டான். டேனிஷ்காரரும் 1620இல் இங்கே வந்தார்கள். காலூன்ற முடியவில்லை, எதிர்க்கரையில் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1782 என்று சொன்னால், ஒரே வருடத்தில் ஆங்கிலேயர் ஒருமுறையும் பிரெஞ்சுக்காரர் ஒருமுறையும் இந்தத் துறைமுகத்தைப் பிடித்தார்கள். இவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லப் போகாதீர்கள். ஒரு பயணத்துக்கு ஒரு கதை.

யப்பானியர் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி குண்டு போட்டதைக் கேட்பார்கள், சீனக்குடா எண்ணெய்க் குதங்களைக் காட்டினால் போதும். அன்றே மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சுழியோடுகிறவர்கள் அதைத் தேடித்தான் வருவார்கள். அவர்களை அந்தப் பக்கத்து ஆட்களிடம் அனுப்பிவிடுங்கள்.

10. மீன்பிடிக்காரரிடம் மரியாதை.

திமிங்கிலம் எங்கே நிற்கிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்கு. போனில் சொல்வார்கள். சொன்னால் டீசல் காசாவது கொடுங்கள். வலைக்கு மேலால் போட்டை ஓட்டாதீர்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

11. பெரிய மிருகத்துக்காகச் சின்னதை விட்டுவிடாதீர்கள்.

துருவத்தைக் காணாத ஊர் என்று திருகோணமலையைச் சொல்லமுடியாது. சைபீரியாவின் வடகோடித் தூந்திராவில் முட்டையிடும் வளைந்த அலகு உள்ளான், குளிர் தொடங்கியதும் எங்கள் களப்புக்களுக்கும் உப்பளத்துச் சேற்றுக்கும் வந்து மேயும். அந்தாட்டிக்காவில் குஞ்சு பொரிக்கும் வில்சன் புயற்குருவி, அங்கே குளிர்காலம் வந்ததும் வடக்கே வந்து இலங்கைக் கடலிலும் பறக்கும். சிட்டுக்குருவி அளவு, கறுப்பு, இடுப்பில் வெள்ளைப் பட்டி, தண்ணீர்மேல் காலால் நடப்பதுபோலத் தத்தித் தத்திப் போகும். பயணிகள் பல ஆயிரம் டொலர் கட்டிப் போய்ப் பார்க்கும் பறவை அது, எங்கள் சமுத்திரத்துக்கு இலவசமாக வருகிறது. திமிங்கிலம் இல்லாத மணித்தியாலத்தில் இவற்றைக் காட்டத் தெரிந்தவனுக்கு வெறுநாள் என்று ஒன்று இல்லை.

கடலாமை, பறக்கும் மீன், கடற்பாம்பு எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். புறாமலைக்குக் கூட்டிப்போனால் பவளத்தில் கால் வைக்கவிடாதீர்கள். ஒருகாலத்தில் பிரிட்டிஷ் கடற்படை பீரங்கி சுட்டுப் பழகிய தீவு அது. 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசியப் பூங்கா. பீரங்கிக்குத் தப்பிய பவளம் இப்போது செருப்புக்குத் தப்பவேண்டியிருக்கிறது.

12. மலசலகூடம்.

யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். நாலு மணித்தியாலம் திறந்த போட்டில் போகிறோம். பெண்களிடம் புறப்படுமுன் தெளிவாகச் சொல்லுங்கள், கரையில் சுத்தமான இடத்தைக் காட்டுங்கள், சத்திக்கு இஞ்சி வைத்திருங்கள். வழிகாட்டியாக வரும் தங்கச்சிமாருக்கும் இதே பிரச்சினைதான். போட் உரிமையாளர்கள் பெண் வழிகாட்டியை வேண்டாம் என்பதற்குச் சொல்லும் சாட்டுகளில் பாதி இதுதான். ஒரு மறைப்புத்துணியும் ஒரு வாளியும் அந்தச் சாட்டை முடித்துவிடும்.

13. ஒரு கொப்பி வைத்திருங்கள்.

திகதி, நேரம், போனில் தெரியும் இடக்குறி, என்ன இனம், எத்தனை, குட்டி உண்டா, வால் தூக்கியதா, எந்தத் திசையில் போனது. அவ்வளவுதான். வாலின் அடிப்பக்கமும் முதுகுப் புள்ளிகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, எங்கள் கைரேகைபோல. ஆகவே தெளிவான படம் ஒன்று எடுத்தாலே அதே விலங்கு அடுத்த வருடம் வந்ததா என்று சொல்லலாம். ஆஷா டி வொஸ் போன்ற எங்கள் நாட்டு ஆராய்ச்சிக்காரர் தெற்கில் இப்படித்தான் படத்தைச் சேர்த்து, கப்பல் மோதி இறக்கும் திமிங்கிலங்களைப் பற்றி வருடக்கணக்காகக் கத்தினார்கள். தேவேந்திர முனைக்கு வெளியே உலகத்தின் மிக நெருக்கமான கப்பல்வழிகளில் ஒன்று திமிங்கிலத்தின் இரைக்களத்துக்கு ஊடாகவே போகிறது. 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் கொம்பனி தன் கப்பல்களைப் பதினைந்து கடல்மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. பெரிய கொம்பனியை அசைத்ததில் சின்னப் போட்டிலிருந்து எழுதிய கணக்குகளுக்கும் பங்குண்டு.

எங்கள் பக்கத்துக் கணக்கு மெலிவு. ரியூலிப் போனபிறகு போர்க்காலம் முழுவதும் இந்தக் கடல் எழுதப்படாமல் கிடந்தது. நீங்கள் தினமும் போகிறீர்கள், எந்த ஆராய்ச்சிக் கப்பலும் அப்படிப் போகாது. ஒன்றும் காணாத நாளையும் எழுதுங்கள். காணாத நாள் தெரியாமல் கண்ட நாளுக்கு அர்த்தம் இல்லை. பென்சிலால் எழுதுங்கள், பேனை மை உப்புத்தண்ணீரில் ஊறிப்போகும். பருவம் முடிந்ததும் ஒரு பிரதி எடுத்து நாரா என்ற அரச நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கேட்டால் கொடுங்கள், மூலக்கொப்பியை மட்டும் ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம்.